தொள்ளாயிரம்

என் அறையின் அகலம் இரண்டாயிரத்து நூறு,
நீளம் மூவாயிரத்து நானூறு.
மில்லிமீட்டரில்தான் சொல்ல வருகிறது இப்போதெல்லாம்.
ஜன்னல் ஒன்று. அது
பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கிறது.
இப்படி ஓர் அறையை வரைந்து கொடுத்திருந்தால்
முதலாமாண்டிலேயே என்னைத் தோற்கடித்திருப்பார்கள்.
மாதம் நாலாயிரம் ராண்ட் கொடுத்துக்
குடியிருக்கிறேன்.

டர்பனில் இன்று நான்காம் கட்ட மின்வெட்டு,
இரவு எட்டிலிருந்து பத்தரை வரை.
லேசர் எந்திரம் ஒரு சுவரைப் பாதி வெட்டி
அப்படியே நிற்கிறது.
ஸ்டூடியோவில் பதினோரு பேர்,
பதினோரு கைபேசி வெளிச்சம்.
சேமிக்காமல் போன மூன்று மணி நேரத்துக்காக
யாரோ ஜூலுவில் திட்டுகிறார்கள்.
அந்த அளவுக்கு எனக்கும் ஜூலு தெரியும்.

காலை நாலு மணிக்கு
வார்விக் சந்தையில் இருந்தேன்.
சரக்குத் தள்ளுகிறவர்களுக்கு ஒரு கட்டடம்,
குளிக்க, சாமான்களைப் பூட்டிவைக்க,
இரண்டு மணி நேரம் கால் நீட்ட.
ஒன்பது மாதமாக அதைத்தான் வரைகிறேன்.
எந்த மாதம் எந்தக் கோணத்தில் வெயில் என்று தெரியும்,
கடற்காற்று எந்தச் சந்தில் திரும்பும் என்று தெரியும்,
‘வாசல்’ என்ற கருத்தைப் பற்றிப்
பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.
வண்டியை மட்டும் அளக்கவில்லை.

சிபோனேலோவுக்கு என் வயதுதான் இருக்கும்.
கொஞ்சம் நிறுத்து, அளக்கணும் என்றேன்.
நின்றால் காசு போகும், நடந்துகொண்டே அள என்றான்.
டேப்பின் ஒரு முனையை உருளைக்கிழங்கு மூட்டையில் செருகி
மறுமுனையோடு பக்கவாட்டில் ஓடினேன்
புரூக் தெரு முடியும்வரை.
ஆயிரத்து நூற்றைம்பது.
அவன் முழங்கையையும் சேர்த்தால்
ஆயிரத்து இருநூறு.

என் வரைபடத்தில் பதினான்கு கதவுகள்.
எல்லாமே
தொள்ளாயிரம்.

கதவை அகட்டினால் கழிவறை ஒடுங்குகிறது,
கழிவறையை நகர்த்தினால் தூண் குறுக்கே வருகிறது,
தூணைத் தள்ளினால் கூரையின் சரிவு மாறி
மழை நேராகத் தூங்குகிறவன் தலையில் விழும்.
ஒரு முந்நூறு மில்லிமீட்டருக்காக
ஒன்பது மாதமும் அசைந்துகொடுக்கிறது.

நொக்வாண்டா வெளிச்சம் பிடிக்கிறாள்,
நான் பிளேடால் அறுக்கிறேன்.
நாலாவது கதவில் விரல்.
வடக்குச் சுவரில், இந்த ஊரில் வெயில் விழும் சுவரில்,
ஒரு சிவப்புப் புள்ளி.
செங்கல் என்று சொல்லிவிடு என்கிறாள்.

இதற்கு நடுவில் சாட்ஸ்வர்த்திலிருந்து
சாக்ரன் சித்தப்பாவின் செய்தி:
கராஜை அறையாக்கி வாடகைக்கு விடப்போகிறேன்,
சும்மா ஒரு பிளான் போட்டுக் கொடு,
ஜன்னல் கட்டாயமா?

மூன்று மணிக்குப் பன்னிரண்டாவது கதவு.
அட்டையில் வெட்டிய குட்டி மனிதர்களை
ஒவ்வொருவராக நிறுத்தினேன்.
ஒருவனுக்கு மட்டும்
தீப்பெட்டியில் ஒரு வண்டி செய்து கொடுத்தேன்.
தள்ளிப் பார்த்தேன். நுழைந்தது.
நொக்வாண்டா கைதட்டினாள்,
பிறகு மேசையின்மேலேயே தூங்கிப்போனாள்.

தேர்வாளர்கள் மூன்று பேர்.
கதவுகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
இருபது நிமிடமும் கூரையைப் பற்றியே கேட்டார்கள்:
இவ்வளவு மெல்லியது தாங்குமா,
காற்றுக்கு எழும்பாதா,
எந்தத் துணிச்சலில் இந்த நீட்சி?
தீப்பெட்டியை ஒருவர் கையில் எடுத்து
இது மேலே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று
என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மாதிரியை டாக்சியில் மடியில் வைத்து
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
எட்டுப் பேர் பின்னால் கால் வைக்க இடமில்லாமல்
அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.
என் அறைக்கதவு எழுநூறு.
நேராகப் பிடித்தேன், சாய்த்தேன், குத்தவைத்தேன்.
நுழையவில்லை.

நடைவழியிலேயே வைத்துவிட்டுப் படுத்தேன்.
மாலையில் எழுந்து பார்த்தால்
எதிரறைக்காரன், பீட்சா கொண்டுபோகிறவன்,
தன் ஹெல்மெட்டைக் கழற்றி அதன்மேல் வைத்திருக்கிறான்.
குனிந்து நாலு பக்கமும் பார்த்தேன்.

கூரை தாங்கியிருந்தது.